ஜே.இ. வந்தாச்சு

எங்கள் வீட்டில் இரண்டு ஜே.இ. இருக்கிறார்கள். மகன் அகரன் ஒருவன், மருமகள் வெண்மதி ஒருத்தி. இருவரும் மின்துறையில் இளநிலைப் பொறியாளர்கள். ஒரே தேர்வு எழுதி, ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவர்கள். இந்தக் கோடையில் இருவருக்கும் சேர்ந்தாற்போல் இடமாற்றம் வந்தது. அகரனுக்குக் காரைக்கால் டவுன் அலுவலகம், மேசை வேலை. வெண்மதிக்கு நெரவி செக்‌ஷன். விழிதியூர் வரைக்கும் வயல்வெளி, கம்பம், டிரான்ஸ்பார்மர், மழை வந்தால் அலைச்சல்.

இதை இருவரும் சாப்பிடும்போது என்னிடம் சொன்னார்கள். நான் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டேன். கேட்டது மனத்தில் மாறிப் போய் உட்கார்ந்துவிட்டது. வெயிலிலும் மழையிலும் அலைகிறவன் மகன், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிறவள் மருமகள் என்றே இருந்தேன். காலையில் இருவரும் ஆளுக்கொரு ஸ்கூட்டரில் போவார்கள், சாயங்காலம் வருவார்கள். யார் எந்தத் திசையில் திரும்புகிறார்கள் என்று தெருவில் நின்று பார்க்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

என்னைப் பத்தாம்பசலி என்று யாரும் சொல்லிவிட முடியாது. நான் காசியம்மா. விழிதியூர்ப் பக்கத்தில் தமிழாசிரியையாக இருந்து, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். வயதுக்கு வந்துவிட்டாள் என்று பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்த வந்த தகப்பன்மார்களை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். கணவர் காலமான பிறகும் ஒருவரிடமும் போய் நிற்காமல் பிள்ளையை ஆளாக்கினேன். படித்த பெண்தான் வேண்டும் என்று தேடி வெண்மதியை அம்பகரத்தூரிலிருந்து கொண்டுவந்ததும் நான்தான்.

எங்கள் பக்கத்துப் பேச்சில் ஒரு சங்கதி உண்டு. ஆணை மரியாதையாகச் சொன்னால் ‘வந்தாரு’. பெண்ணைச் சொன்னால் ‘வந்தாங்க’. ஆனால் மிகப் பெரிய மனிதர் என்றால் ஆணுக்கும் ‘வந்தாங்க’ போடுவார்கள். ‘ஐயா வந்தாங்க’ என்பார்கள். கோடைக்குப் பிறகு விழிதியூர்க்காரர்கள் என்னைக் கடைத்தெருவிலோ கல்யாண மண்டபத்திலோ பார்த்தால், “உங்க வீட்டு ஜே.இ. வந்தாங்க டீச்சரம்மா, நின்னு புது டிரான்ஸ்பார்மர் போட்டுக் குடுத்துட்டுத்தான் போனாங்க” என்றார்கள். என் மகனுக்கு ‘ஆங்க’ போடுகிறார்கள் என்று என் முதுகு இன்னும் நிமிர்ந்தது. வீட்டுக்கு வந்து, “விழிதியூர்ல புது டிரான்ஸ்பார்மர் போட்டாச்சாமே” என்றேன். “போட்டாச்சும்மா” என்றான் அகரன். வெண்மதி தலை துவட்டியபடி சிரித்தாள்.

கார்த்திகை மாதத்துப் புயல் மழையில் இது எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

மூன்று நாளாக மழை விடவில்லை. அன்று காலையிலேயே இருவரும் போய்விட்டார்கள். தெருவில் கணுக்கால் தண்ணீர். எங்கள் தெருவுக்கு முந்தின நாளே மின்சாரம் போய்விட்டது. மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கைபேசி அடித்தது. விழிதியூர் மருதையன். என்னிடம் படித்தவன், இப்போது நாலு ஏக்கர் பயிர் வைத்திருக்கிறான்.

“டீச்சரம்மா, நான் மருதையன். உங்க வீட்டு ஜே.இ…” இரைச்சலில் பாதி விழவில்லை.

“சத்தமாப் பேசுப்பா.”

“ஒயரு அறுந்து வயத்தண்ணியில கெடந்துச்சு. யாரும் எறங்கக் கூடாதுன்னு சொல்லிட்டு, உங்க வீட்டு ஜே.இ. வாய்க்கா கரையோட டிரான்ஸ்பார்மருக்குப் போனாங்க. லைன ஆஃப் பண்ணிட்டாங்க. திரும்பறதுக்குள்ள கரை ஒடைச்சிக்கிச்சு டீச்சரம்மா. ஆளக் காணோம். அந்தாண்ட பக்கம் ரோட்டுல ஏறி வீட்டுக்கு வந்துட்டாங்களோன்னுதான் கேக்கறேன்.”

“வரலையே” என்றேன்.

“நாங்க கயிறு கட்டித் தேடிக்கிட்டுத்தான் இருக்கோம். வந்தா ஒரு வார்த்த சொல்லுங்க. வரலைன்னா விட மாட்டோம்.”

அகரனுக்கு நீச்சல் தெரியாது. சின்ன வயதில் குளத்துப் படியில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவன் தண்ணீர்ப் பக்கமே போகமாட்டான். அவனுடைய எண்ணைப் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி போட்டேன். மறுபடியும் அதேதான். பிறகு வெண்மதிக்குப் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. புருஷன் வெள்ளத்தில் கிடக்கிறான், இவள் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு போனை அணைத்து வைத்திருக்கிறாளே என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு ழக்லின் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். பிள்ளைகளெல்லாம் பிரான்சிலேயே தங்கிவிட, இவள் மட்டும் காரைக்காலை விடமாட்டேன் என்று இருக்கிறாள்.

“வீட்டுல ஜே.இ. வெச்சிருந்து என்ன பிரயோசனம் டீச்சர்? நேத்துலேருந்து என் பிரிட்ஜ் அலமாரியாக் கெடக்கு. உள்ள இருக்கற மீனு எழுந்து நடந்து வந்துடும் போலருக்கு.”

நான் திரும்பினேன். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு போய்விட்டது.

“மோன் தியே, என் கடவுளே! என்ன ஆச்சு?”

சொன்னேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“வெண்மதிக்குச் சொன்னீங்களா?”

“போன் அணைஞ்சிருக்கு.”

“அவ எங்க இருக்கா?”

“எங்க இருப்பா? ஆபீஸ்ல.”

ழக்லின் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் அன்று இழுத்துக்கொள்ளவில்லை. தெருவில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எந்த வண்டி வந்தாலும் இருவரும் வாசலைப் பார்த்தோம். வண்டி தாண்டிப் போகும். ஒரு தடவை ஜீப் சத்தம் கேட்டது. ஜீப்பில் கொண்டுவருகிறார்கள் என்றால் எப்படிக் கொண்டுவருவார்கள் என்று நினைத்தேன். நினைப்பை அங்கேயே நிறுத்தினேன். அந்த ஜீப்பும் போய்விட்டது.

பிறகு வாசலில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு அகரன் நின்றான். தலையிலிருந்து தண்ணீர் ஒழுகியது.

நான் ஓடவில்லை. நடந்துதான் போனேன். ஆனால் அவன் தோளைத் தொட்டதும் கை தானாக ஓங்கி முதுகில் ஒன்று வைத்தது.

“ஐயோ, எதுக்கும்மா அடிக்கிற? பாலத்துக்கிட்ட வண்டி நின்னு போச்சு, தள்ளிக்கிட்டே வரேன். போனும் நனைஞ்சு செத்துப் போச்சு.”

“போ. போய் முதல்ல துணிய மாத்து.”

“வெண்மதி வந்துட்டாளா?”

“வருவா, மழை விடட்டும். நீ போ.”

அவன் குளியலறைக்குள் போனான். ழக்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கடவுள் இருக்காரு டீச்சர்” என்றாள். நான் அடுப்பைப் பற்றவைத்தேன். ரசம் சூடாகி நுரை கட்டும்போது கைபேசி மறுபடி அடித்தது.

“டீச்சரம்மா, மருதையன். வந்துட்டாங்களா?”

“வந்தாச்சுப்பா. பத்திரமா வந்தாச்சு” என்றேன்.

“வந்தாச்சா! வயித்துல பால வாத்தீங்க. ஒண்ணும் அடி இல்லியே?”

“ஒண்ணுமில்லை. குளிச்சாகுது. ஏம்ப்பா மழையில நிக்கிறீங்க? எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு.”

“சரிங்க டீச்சரம்மா” என்றான். பள்ளிக்கூடத்தில் சொல்வது போலவே சொன்னான். அவன் வாயைத் திருப்பிக் கூவியது எனக்குக் கேட்டது. “ஏய், ஜே.இ. வீட்டுக்கு வந்துட்டாங்களாம்! எல்லாம் கரையேறுங்க!” லைன் அறுந்தது.

அகரன் துண்டோடு வெளியே வந்தான்.

“யாரும்மா போன்ல?”

“விழிதியூர் மருதையன். நீ வாய்க்கால்ல போயிட்டேன்னு ஊரே கயிறு கட்டித் தேடியிருக்கு. எங்களுக்கு உயிரே போயிடுச்சு.”

“நானா?” என்று சிரித்தான். “நான் எதுக்கு விழிதியூர் போறேன்?”

“லைன் ஆஃப் பண்ண.”

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. துண்டு தலையிலேயே இருந்தது.

“அம்மா, அவரு என்ன சொன்னாரு? சொன்னத அப்படியே சொல்லு.”

“உங்க வீட்டு ஜே.இ. வாய்க்கால் கரையோட போனாங்க…”

சொல்லும்போதே அந்தக் கடைசி எழுத்துகள் என் வாயில் நின்றுவிட்டன. வாழ்நாளெல்லாம் விகுதி சொல்லிக் கொடுத்தவள் நான்.

“விழிதியூர் வெண்மதியோட ஏரியாம்மா” என்றான் அகரன். மெதுவாகத்தான் சொன்னான்.

ரசம் பொங்கி அடுப்பை அணைத்தது. யாரும் போய்ப் பார்க்கவில்லை. நான் மருதையனைத் திரும்ப அழைத்தேன். கிடைக்கவில்லை. டவர் போய்விட்டிருந்தது. அப்போது பிற்பகல்தான். ஆனால் வெளியே சாயங்காலம் போல் இருட்டிக்கொண்டிருந்தது. விழிதியூரில் தேடுவது நின்று எவ்வளவு நேரமாயிற்று, இன்னும் எவ்வளவு நேரம் ஒரு பெண் தண்ணீரில் தாக்குப்பிடித்து நிற்க முடியும் என்று என் மூளை ஒன்றையே சுற்றியது.

ழக்லின் தன் கார்ச் சாவியை அகரன் கையில் திணித்தாள். “எடுத்துட்டுப் போ. நின்னா நிக்கட்டும், போ.”

“அம்மா, நீ இரு” என்றான் அவன்.

“நான் சொல்லித்தான் கரையேறினாங்க. நான் நேர்ல வந்து சொன்னாத்தான் மறுபடி எறங்குவாங்க.”

கார் ஊர்ந்தது. பாலத்தின் கீழே ஆறு மண்ணாக ஓடியது. அதில் ஒரு வாழைமரம் வேரோடு போயிற்று. சேலை போல ஏதோ நீலமாக மிதந்தது. அகரன் பிரேக்கை மிதித்தான். உரச்சாக்கு. வெண்மதி காலையில் என்ன உடுத்திக்கொண்டு போனாள் என்று நினைத்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. வாசலில் நின்று, ‘போயிட்டு வரேன் அத்தை’ என்றாள். நான் அகரனுடைய மழைக்கோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். அதனால் பார்க்கவில்லை.

“அவளுக்கு நீச்சல் தெரியுமாடா?” என்று கேட்டேன்.

“கொஞ்சம்” என்றான். “கல்யாணத்துக்கு முன்னால குளத்துல பழகினாளாம்.” வைப்பரைத் தாண்டி எதையோ பார்த்தான். “உனக்கு ஏம்மா அப்படித் தோணிச்சு? நான்தான் அங்க இருப்பேன்னு?”

நான் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தேன். பதில் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

விழிதியூரில் வாய்க்கால் கரையில் ஒரு ஆளும் இல்லை. கயிறு சுருட்டி ஒரு மரத்தில் மாட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் ஊருக்குள் நடந்தேன். ஊர்க்காரர்கள் கோயில் மண்டபத்தில் ஈரம் சொட்ட நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் மருதையன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டான்.

“வாங்க டீச்சரம்மா. என்ன இந்த மழையில?”

“வரலை மருதையா. அவ வரலை. தேடுங்க.”

“நீங்கதானே வந்தாச்சுன்னீங்க?”

“வந்தது என் மகன்.”

தூணோரம் உட்கார்ந்திருந்த கிழவி ஒருத்தி முகத்தை நிமிர்த்தினாள். “ஏன் டீச்சரு, உங்க வீட்டுல எத்தினி ஜே.இ.?”

“ரெண்டு” என்றேன்.

“ரெண்டுல ஒண்ணுதானே இங்க வரும், எங்கள ஏசும், கம்பத்துல மாடு கட்டாதேங்கும். அது பொண்ணுன்னு எங்க ஊரு நாய்க்கும் தெரியுமே.”

“சும்மா கெட ஆத்தா!” என்றான் மருதையன். அதற்குள் அவன் ஓட ஆரம்பித்திருந்தான்.

கயிற்றை இறக்கினார்கள். இரண்டு காலி பிளாஸ்டிக் பேரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள். அகரன் சட்டையைக் கழற்றினான். மருதையன் அவன் மார்பில் கை வைத்துத் தள்ளினான். “சார், நீங்க எறங்கினா உங்களையும் தேடணும். கயித்தப் புடிங்க.” நாலு பேர் உடைப்பைத் தாண்டி நீந்தினார்கள். மழைத் திரைக்குள் அவர்கள் தலைகள் மறைந்தன. குரல்கள் மட்டும் வந்தன.

“மேடம்! மேடம்!”

என் மருமகளை இந்த ஊர் ‘மேடம்’ என்று கூப்பிடுகிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கூப்பிட்டுவிட்டு நிறுத்துவார்கள். பதிலுக்காக நிறுத்துகிறார்கள். அந்த இடைவெளியில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் இருக்கும். மறுபடி கூப்பிடுவார்கள். ஒவ்வொரு முறையும் இடைவெளி நீண்டது போலிருந்தது. ஒரு முறை கூப்பிடுவதே நின்றுவிட்டது. கயிறு அகரன் கையில் தளர்ந்தது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. மூடினால் அவள் போய்விடுவாள் என்று நினைத்தேன். படித்தவள் நினைக்கிற நினைப்பல்ல. ஆனாலும் இமை கொட்டாமல் நின்றேன்.

கயிறு இழுபட்டது.

“இழுங்க! மெதுவா! மெதுவா!”

பேரல்களின் மேல் கவிழ்ந்து படுத்தபடி வந்தாள் வெண்மதி. மோட்டார் கொட்டகையின் ஓட்டுக் கூரையைப் பிடித்துக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் நின்றிருக்கிறாள். ஓடு உடைந்து கால் கிழிந்திருந்தது. உதடு கத்தரிக்காய் நிறம். அகரன் அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டான். பேச முடியாமல் அவள் பல் அடித்துக்கொண்டது. நான் என் சேலை முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க மழை நனைத்தது.

மருதையன் குனிந்தான். “மழை இருட்டிக்கிட்டு வந்துச்சு மேடம். கண்ணு தெரியல. அதான் நடுவுல கொஞ்சம் கரையேறிட்டோம்.” பிறகு என் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். எனக்காகத்தான் சொல்கிறான் என்று புரிந்தது. என் வீட்டு மானத்தை என்னிடம் படித்தவன் காப்பாற்றப் பார்த்தான்.

“பொய் சொல்லாதே மருதையா” என்றேன். “வெண்மதி, நான்தான் எல்லாரையும் போகச் சொன்னேன். அகரன் வந்ததைப் பார்த்துட்டு, ஜே.இ. வந்தாச்சுன்னு சொன்னேன்.”

வெண்மதி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. தூரத்தில் இருக்கிற ஒன்றைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

“கேட்டுச்சு அத்தை” என்றாள். வார்த்தை வார்த்தையாகத்தான் வந்தது. “கொட்டகைகிட்டேருந்து எனக்கு நல்லாக் கேட்டுச்சு. ஜே.இ. வீட்டுக்கு வந்துட்டாங்களாம், கரையேறுங்கன்னு. காத்து எம்பக்கமா அடிச்சுச்சு. நான் கத்தினேன். இங்க இருக்கேன், இங்க இருக்கேன்னு கத்தினேன். அவங்க பேசிக்கிட்டே போறதும் கேட்டுச்சு.”

மழைக்குள் ஒருவன் மூக்கை உறிஞ்சினான்.

“அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு” என்றாள். “வீட்டுக்குப் போயிட்டேனோன்னு.”

காரைக்காலில் ஆஸ்பத்திரியில் காலுக்குத் தையல் போட்டு, ஊசி போட்டார்கள். நெஞ்சில் தண்ணீர் கோத்திருக்கலாம், இருமல் அதிகமானால் உடனே கொண்டுவாருங்கள் என்றார் டாக்டர். காரில் ஏறியதும் வெண்மதி அகரனிடம், “அம்மா வீட்டுக்குப் போகலாம்” என்றாள். என்னிடம் சொல்லவில்லை.

மருமகளை வெள்ளத்திலிருந்து எடுத்த கையோடு தாய் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள் என்று நாளைக்குத் தெரு பேசும். எங்கள் குடும்பத்தைப் பற்றித் தெரு இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அது என் தொண்டைவரை வந்தது. ஆனால் வாயைத் திறந்தால், ‘வீட்டுக்கு வா’ என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். அந்தச் சொல்லை அன்றைக்கு அவளிடம் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது.

“அம்பகரத்தூருக்கே விடு” என்றேன் அகரனிடம்.

சம்பந்தியம்மாள் அல்லி வாசலுக்கு ஓடிவந்தாள். மகளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, “என்ன சம்பந்தி, என்ன ஆச்சு எம்பொண்ணுக்கு?” என்று கேட்டாள்.

“வாய்க்கா ஒடைஞ்சு…” என்று அகரன் ஆரம்பித்தான். அவனை நிறுத்தச் சொன்னேன். படியில் நின்றபடி நானே சொன்னேன். எதையும் குறைக்கவில்லை. மருதையன் கேட்டதையும் நான் சொன்னதையும் சொன்ன வார்த்தையிலேயே சொன்னேன். தலை குனியவில்லை.

அல்லி கேட்டு முடிக்கும்வரை மகள் தலையைத் துவட்டுவதை நிறுத்தவில்லை. கேட்டு முடித்த பிறகும் நிறுத்தவில்லை. பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அகரன் பின்னாலேயே போனான்.

‘உள்ளே வாங்க’ என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாத வீட்டுக்குள் நான் நுழைந்ததில்லை. காருக்குத் திரும்பவும் மனம் வரவில்லை. உள்ளறையில் வெண்மதி இருமுவது கேட்டது. ஒரு இருமல், பிறகு நீளமாக ஒன்று, பிறகு சத்தமே இல்லை. இருமினால் பயம், இருமாவிட்டால் அதைவிடப் பயம். கூரைத் தண்ணீர் தோளில் விழ, அடுத்த இருமலுக்காகக் காது கொடுத்துக்கொண்டு அந்தப் படியிலேயே நின்றேன்.